செவிலியர் அறமும் சட்டப் பொறுப்பும்

நோயாளியின் ஒப்புதல், அந்தரங்கம், பாதுகாப்பு ஆகியவற்றைக் காக்கும் தொழில்நெறியும், தவறினால் பதில் சொல்லும் கடமையும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) செவிலியர் பள்ளி 1909இலும் பட்டப்படிப்பு 1946இலும் தொடங்கின. செவிலியர் பதிவை முறைப்படுத்தியது 1926ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம்.

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைத் தொழிலாளி குரோமியப் புண்ணோடு வந்தால், அவர் சம்மதமின்றி மேஸ்திரியிடம் விவரம் சொல்லலாகாது. வேலை போய்விடும் என்ற அச்சம் வீணானதல்ல.

மருந்துப் பிழையில் முன்னோடி வழக்கு ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு (1998). மருத்துவர் எழுதிய குளோரோமைசெட்டினுக்குப் பதில் லாரியாகோ என்னும் வேறு மருந்தைத் தகுதியற்ற செவிலியர் சிரையில் ஏற்ற, குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது. மருத்துவமனையே இழப்பீடு தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். தகுதியற்றவரை ஊசிபோட விட்ட நிர்வாகம் தப்பாதது நியாயமே.