ஒரு கேள்வி, ஒரு மூட்டை பதில் - கெட்பல்க் வந்த கதை

எஸ்.என்.எம்.பி என்றால் நம்மில் பலருக்கு தேர்வில் வரும் இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆனால் அதில் உள்ள கெட்பல்க் என்ற ஒரு கட்டளைக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

எங்கோ இருக்கும் ரவுட்டரின் நிலைமையை உட்கார்ந்த இடத்தில் இருந்தே அறிய வேண்டும். இதற்காக கேஸ், ஃபெடோர், ஷாஃப்ஸ்டால், டேவின் என்ற நால்வர் 1987ல் எஸ்.ஜி.எம்.பி யை எழுதினார்கள். அதுவே 1988ல் எஸ்.என்.எம்.பி ஆனது. சி.எம்.ஐ.பி என்ற பெரிய புரோட்டோகால் தயாராகும் வரை இது ஒரு தற்காலிக ஏற்பாடு என்றுதான் அப்போது முடிவு செய்தார்கள். தற்காலிகமாக வந்தது நிலைத்துவிட்டது!

நிலைத்ததற்குக் காரணம் எளிமை. தொல்லையும் அதிலேதான் இருந்தது. முதல் பதிப்பில் ஒரு டேபிளைப் படிக்க கெட்நெக்ஸ்ட், அதாவது "அடுத்தது என்ன?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். இண்டர்ஃபேஸ் டேபிளில் 22 பத்திகள். 48 இண்டர்ஃபேஸ் இருந்தால் 1056 மதிப்புகள். ஒவ்வொன்றாகக் கேட்டால் 1056 முறை போய் வர வேண்டும். சேர்த்துக் கேட்கலாமே என்றால், பதில் பாக்கெட்டில் அடங்காதபோது "டூபிக்" என்ற பிழை மட்டும் வரும், ஒரு மதிப்புகூட வராது. எல்லாக் கருவிகளும் ஏற்றே ஆக வேண்டிய அளவு வெறும் 484 பைட்தான்.

1990ல் ரோஸ், மெக்லோக்ரி, டேவின் மூவரும் புரோட்டோகாலை மாற்றாமல், பல கெட்நெக்ஸ்ட்களை ஒரே நேரத்தில் அனுப்பும் வழியைச் சொன்னார்கள். நிரந்தரத் தீர்வு 1993ல் இரண்டாம் பதிப்பில் வந்தது. அதுதான் கெட்பல்க். அந்தப் பதிப்பின் பாதுகாப்பு முறை சிக்கலாகி எடுபடவில்லை. 1996ல் அதைக் கழற்றிவிட்டு வி2சி வந்தபோதும் கெட்பல்க் மட்டும் தப்பித்தது.

இதில் இரண்டு எண்களைத் தர வேண்டும். நான்-ரிப்பீட்டர்ஸ் என்பது முதலில் உள்ள எத்தனை மாறிகளை ஒரே ஒரு முறை கேட்பது என்று சொல்கிறது. மேக்ஸ்-ரிப்பிட்டிஷன்ஸ் என்பது மற்றவற்றில் எத்தனை வரிசை வேண்டும் என்று. உதாரணமாக, கருவி ஓடிய நேரம் ஒரு முறை, உள்ளே வந்த, வெளியே போன பைட்கள் 48 முறை என்றால் 1, 48 என்று கொடுக்கலாம். 97 மதிப்புகள் வரும். அடங்கவில்லை என்றால் பிழை கிடையாது, அடங்கிய வரை வரும். மீதியை மறுபடி கேட்டுக்கொள்ளலாம்.

பெரிய எண்ணாகவே போட்டுவிடலாமா? கூடாது. 1500 பைட்டைத் தாண்டினால் ஈத்தர்நெட்டில் பாக்கெட் துண்டாகும். ஒரு துண்டு தொலைந்தால் முழுப் பதிலும் போச்சு. நெட்-எஸ்.என்.எம்.பி கருவி 10 என்றுதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பத்திலேயே 1056 கேள்விகள் சுமார் 106 ஆகிவிடும்.

இந்த வசதி ஆயுதமாகவும் ஆனது. சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் அல்லவா? அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டுக் கேட்டால், அந்த மூட்டை அப்பாவியின் தலையில் விழும். 2014 ஜனவரியில் அமெரிக்க அரசின் யு.எஸ்-செர்ட் எச்சரிக்கை இந்தப் பெருக்கத்தை 6.3 மடங்கு என்று கணக்கிட்டது.

1996ல் கழற்றிவிட்ட பாதுகாப்பு 2002ல் மூன்றாம் பதிப்பில் முழுத் தரநிலையாகத் திரும்பியது. இருந்தும் "பப்ளிக்" என்ற பழைய கடவுச்சொல்லோடு திறந்து கிடக்கும் கருவிகள் இன்றும் உண்டு. எனவே முதலில் அதை மாற்றுங்கள், யார் கேட்கலாம் என்று கட்டுப்படுத்துங்கள். மேக்ஸ்-ரிப்பிட்டிஷன்ஸ் பிறகு.