பிரான்சுக்காகப் பேசிய பெண்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, எதிர்வீட்டுப் பெண் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். "தாத்தா, உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமில்ல? ஸ்கூல்ல மாதிரி ஐ.நா. சபை நடத்தறாங்க. எனக்குப் பிரான்ஸ் கொடுத்துட்டாங்க" என்றாள். முகம் வாடியிருந்தது.

இப்படி ஒன்று நடப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நாடு. அந்த நாட்டின் பிரதிநிதியாக எழுந்து பேச வேண்டும். 'நான் நினைக்கிறேன்' என்று சொல்லக் கூடாது, 'பிரான்ஸ் கருதுகிறது' என்றுதான் சொல்ல வேண்டும். ஆதரவு திரட்டி, தீர்மானம் எழுதி, வாக்கெடுப்புக்கு விட வேண்டும். பழைய பழக்கம்தானாம் இது. ஐ.நா. பிறப்பதற்கு முன்பே, 1920களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அப்போதிருந்த சர்வதேச சங்கத்தைப் போல மாதிரிச் சங்கம் நடத்தியிருக்கிறார்கள்.

அவளுக்குத் தந்த தலைப்பைப் பார்த்ததும் எனக்கே சுருக்கென்றது. பாதுகாப்பு சபை, 1961 டிசம்பர் 18, கோவா.

அந்த நாளை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்ததும் போர்ச்சுகல் சபையிடம் முறையிட்டது. அப்போது சபையில் 11 உறுப்பினர்கள். போரை நிறுத்து, படையைத் திரும்பப் பெறு என்று ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவை அமெரிக்கா, பிரிட்டன், துருக்கி, பிரான்ஸ். ஆதரவு 7, எதிர்ப்பு 4. இலங்கை, லைபீரியா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகிய மூன்றும் நம் பக்கம் நின்றன. நான்காவதான சோவியத் யூனியனின் எதிர்ப்பு வீட்டோ என்பதால் தீர்மானம் செத்தது.

"ஏன் தாத்தா, இந்தியா கிடைச்சிருந்தா சுலபமா பேசிடலாம். நம்மளையே எதிர்த்து எப்படிப் பேசறது?"

பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேசத் தெரியாது, எழுதத் தெரியும். "முதல்ல கோப்பைப் படிப்போம்" என்றேன். எதிர்த் தரப்பின் மனுவை அவர்கள் சொன்னபடியே குறிப்பில் சுருக்கி எழுதிய பிறகுதான் நம் கருத்தை எழுத வேண்டும் என்பது எனக்கு முதல் மேலதிகாரி கற்றுக்கொடுத்த பாடம்.

தீர்மானம் எழுதும் முறை எனக்குப் பழகியதாகவே இருந்தது. பிரெஞ்சு நிர்வாக ஆணை 'வூ' என்று தொடங்கி முந்தைய சட்டங்களைச் சொல்லும். 'கோன்சிதேரான்' என்று காரணங்களை அடுக்கும். அதன் பிறகே 'ஆர்த்திக்கிள் 1'. ஐ.நா. தீர்மானமும் கிட்டத்தட்ட அதே நடைதான். முதலில் நினைவுகூரும், பிறகு கருதும், கடைசியில் முடிவு செய்யும்.

பிறகு பிரான்சின் தரப்பைத் தேடினோம். போர்ச்சுகல் நேட்டோவில் கூட்டாளி என்பது ஒன்று. தகராறுகளைப் படைபலமின்றித் தீர்க்க வேண்டும் என்ற ஐ.நா. சாசனம் மற்றொன்று. மூன்றாவதை அவளே கண்டுபிடித்தாள். "தாத்தா, நம்ம ஊரே இருக்கே!"

உண்மைதான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. பேசியே தீர்த்துக்கொண்டோம், கோவாவிலும் அப்படிச் செய்யலாமே என்று பிரான்சின் பிரதிநிதியாக அவள் கேட்கலாம்.

உற்சாகத்தில், 'ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல்' என்று எழுதிவிட்டாள். அதை அடித்தேன். 1954-ல் நெட்டப்பாக்கத்திலும் மாஹேயிலும் ஏனாமிலும் நடந்ததைச் சொன்னேன். "போர் நடக்கலைன்னு எழுது. ரத்தம் சிந்தலைன்னு எழுதாதே."

அடுத்து, எதிரிகள் என்ன கேட்பார்கள் என்று பார்த்தோம். இரண்டு இடத்தில் பிரான்சுக்கு அடி விழும் என்றேன். ஒன்று, அதே 1961 ஜூலையில் துனிசியாவின் பிசெர்த்தில் பிரெஞ்சுப் படையே தாக்குதல் நடத்தியிருந்தது. மற்றது நம்மூர் விஷயம். புதுச்சேரியை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தானது. ஆனால் 1961 டிசம்பரிலும் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962 ஜூலையில்தான் ஒப்புதல் வந்தது. ஆகஸ்ட் 16-ல் நாம் சட்டப்படி இந்தியாவானோம்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஒப்பந்தப்படி, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. "நான் பிறந்தது இங்கே, சாகப்போறதும் இங்கே" என்றார். சித்தப்பா எழுதிக் கொடுத்தார். இந்தோசீனப் போரிலிருந்து திரும்பிய சொல்தா அவர். "பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட்டவன்" என்று எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர். பிறகு குடும்பத்தோடு பிரான்ஸ் போய்விட்டார். புது வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அங்கேயே காலமானார்.

இதையெல்லாம் பேச்சுவாக்கில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "பென்ஷனுக்காகத்தான்னு அவரே சொன்னாரா தாத்தா?"

இல்லை. யாரும் அவரைக் கேட்டதில்லை. பிரான்சின் தரப்பைப் பத்து நாள் தேடிய எனக்கு, சித்தப்பாவின் தரப்பை ஐம்பது வருஷமாகக் கேட்கத் தோன்றவில்லை. கூடப் போரிட்டவர்களை நினைத்தாரோ, பிள்ளைகளின் படிப்பை நினைத்தாரோ. பென்ஷன் என்றே வைத்துக்கொண்டாலும், உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த பென்ஷன் அல்லவா?

சபை நடந்த அன்று மாலை நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். எதிர்பார்த்தபடியே, இந்தியாவாக இருந்த பையன் அந்த 1956 கேள்வியைக் கேட்டானாம். இவள் பதறவில்லை. "தாமதம் உண்மை, பிரான்ஸ் மறுக்கவில்லை. ஆனால் 1954 முதல் நிர்வாகம் இந்தியாவிடம்தான் இருக்கிறது, கொடுத்த வாக்கிலிருந்து பிரான்ஸ் பின்வாங்கவில்லை" என்றாளாம். தீர்மானம் அங்கேயும் வீட்டோவில் தோற்றது. "தோத்ததுல எனக்குச் சந்தோஷம்தான் தாத்தா. ஆனா நல்லாப் பேசினேன்" என்று சிரித்தாள்.

பிள்ளைகளை இதற்குத் தயார் செய்ய நல்ல ஆங்கிலமும் கோட்டும் போதும் என்று பெற்றோர் சிலர் நினைக்கிறார்கள். நான் கண்டது வேறு. நமக்குப் பிடிக்காதவன் பக்கத்து நியாயத்தை, அவனே கேட்டால் 'ஆமாம், இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் தயாரிப்பு.

அன்றிரவு சித்தப்பா மகனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தமிழ் அவனுக்கு இப்போது தடுமாறும், அதனால் பிரெஞ்சில் எழுதினேன். 'உன் அப்பா ஏன் கையெழுத்துப் போட்டார் என்று எப்போதாவது உன்னிடம் சொன்னாரா?' என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்தால், அதையும் இங்கே எழுதுகிறேன்.