தர்மராஜ் சேரலாதன்

தர்மராஜ் சேரலாதன் (பிறப்பு: 1975), தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த கபடி வீரர், வலது கார்னரில் நின்று பிடிக்கும் தடுப்பாட்டக்காரர். சக வீரர்களுக்கு 'அண்ணா'.

2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 39. பெரும்பாலான வீரர்கள் ஓய்வு பெற்றுவிடும் அந்த வயதில்தான் தொலைக்காட்சி ரசிகர்கள் அவரை அறிந்தனர். பெங்களூரு புல்ஸ், தெலுகு டைட்டன்ஸ், புனேரி பல்டன், யு மும்பா, ஹரியானா ஸ்டீலர்ஸ் எனப் பல அணிகளுக்கு ஆடினார். 2016இல் அவர் தலைமையில் பாட்னா பைரேட்ஸ் கோப்பையை வென்றது. அவ்வணியைப் பற்றிய பேச்சு முழுக்க ரெய்டர் பர்தீப் நர்வாலைச் சுற்றியே இருந்தது. பின்வரிசையை ஒழுங்காக நிறுத்தியவர் சேரலாதன்.

கார்னர் ஆட்டம் பொறுமையைக் கேட்பது. பாடி வரும் ரெய்டருக்கு 30 விநாடிகளே உண்டு. அவர் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டும் கணத்தில் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். சற்று முந்தினால் தொடுபுள்ளி எதிரணிக்குப் போய்விடும். களத்தில் தடுப்பவர்கள் மூவரோ அதற்குக் குறைவாகவோ இருக்கையில் பிடித்தால் இரண்டு புள்ளி. அந்த 'சூப்பர் டேக்கிள்' நேரத்தில் அனுபவத்துக்கு மதிப்பு கூடும்.

2016 அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38–29 என வென்று உலகக் கோப்பையைத் தக்கவைத்த இந்திய அணியிலும் அவர் இடம்பெற்றிருந்தார். 2019 பருவத்தில், 44 வயதில், ஹரியானாவுக்காக இளைஞர்களுடன் ஆடிக்கொண்டிருந்தார்.