தங்கவயல்: அவுன்ஸ் கணக்கும் ஆள் கணக்கும்

கோலார் தங்கவயலைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இப்போது பெருகி இருக்கிறார்கள். 'குட்டி இங்கிலாந்து' என்கிறார்கள். ஓடு போட்ட பங்களா, கிளப்பு, கோல்ஃப் மைதானம், கிறிஸ்துமஸ் கேக்கு, நாட்டின் பெரும்பகுதி இருட்டில் கிடந்தபோதே எரிந்த மின்விளக்கு என்று அடுக்குகிறார்கள். பழைய ஆங்கிலப் பத்திரிகைத் துண்டுகளை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அவை பொய் என்று நான் சொல்லவில்லை. யார் கையிலிருந்த கத்தரிக்கோல் அவற்றை வெட்டி எடுத்தது என்பதுதான் என் கேள்வி.

எனக்கும் அந்த ஊர்மேல் ஏக்கம் உண்டு. வட ஆற்காட்டுச் சேரியிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போய், மாரிக்குப்பத்து லைன் வீட்டில் குடியேறி, சுரங்கத்துக்குள் இறங்கியவர் என் பாட்டன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் நேரத்தைச் சுரங்கச் சங்கு ஊதிய கணக்கில்தான் சொல்வார்கள். ஆனால் அந்த ஏக்கத்துக்குள் கிளப்பும் இல்லை, கேக்கும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த நகரமே ஒரு பழைய தாளிலிருந்துதான் பிறந்தது. 1802இல் மைசூர்ச் சீமையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, உரிகம், மாரிக்குப்பம் பக்கத்து மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைப் பார்த்தார். குழிக்குள் இறங்கியவர்கள் கூடைகளில் கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பியதையும், பெண்கள் அதை வாங்கி இடித்துப் பொடி செய்ததையும் எழுதி வைத்தார். எழுபது வருஷம் கழித்து, பெங்களூரில் ஓய்வு வாழ்க்கை நடத்திய லாவெல் என்கிற ஐரிஷ் சிப்பாய் அந்தப் பழைய கட்டுரையைப் படித்தார். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். 1875இல் மைசூர் அரசு அவருக்கு உரிமம் கொடுத்தது. 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. கல்லை இடித்த பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பார்த்தவன் பெயரும் படித்தவன் பெயரும் மட்டும் வரலாறாயின.

பிறகு வந்த ஆங்கிலப் பத்திரிகைகளும் அதே வழியில்தான் போயின. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் ஆகிய சுரங்கங்களில் அந்த மாதம் எத்தனை அவுன்ஸ் தங்கம் எடுக்கப்பட்டது என்பதைத் தவறாமல் வெளியிட்டார்கள். லண்டனில் பங்கு வைத்திருந்தவனுக்கு அது தேவைப்பட்டது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே 1905இல்தான் மின்விளக்கு வந்தது. இந்தப் பெருமையை எழுதாத பத்திரிகை இல்லை. அந்த மின்சாரத்தில் ஓடிய கூண்டில் ஏறி உள்ளே போனவர்களுக்கோ அந்தப் பக்கங்களில் ஒரே பெயர்தான்: கூலி.

உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து போன தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் பண்ணைக்காரன் சாதியைச் சொல்லிக் கூப்பிட்டான். இங்கே வந்தால் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டான் துரை. "மேல ஏறி வந்தா பஞ்சாபிக்காரன் நின்னுகினு இருப்பான். தலைப்பாவ அவுத்துக் காட்டணும், வாயத் தொறந்து காட்டணும். தங்கத்த எடுத்தவன் நாம, திருடன்ற பேரும் நமக்கே" என்று எங்கள் லைனில் ஒரு கிழவர் சொல்வார். தட்டி வீடும் தகர வீடுமாகக் கிடந்த அந்த லைன்களில்தான், பத்திரிகை வரலாறு எழுதிய நம் புலவர்கள் கண்ணில் படாத ஒன்று நடந்தது.

1907 ஜூன் 19இல் சென்னை ராயப்பேட்டையில் பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கினார். நாலு பக்கம், விலை ஒரு பைசா. மறு வருஷம் அது 'தமிழன்' ஆயிற்று. அது தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்தது. படிக்கத் தெரிந்தவன் படிக்க, ஷிப்டு முடிந்து வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சாக்கைய பௌத்த சங்கக் கிளைகள் எழுந்தன. 1914இல் பண்டிதர் மறைந்த பின்னும் இந்த மக்கள் பத்திரிகையைக் கைவிடவில்லை. சில காலம் நின்று போயிருந்த 'தமிழன்', 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டது. மலத்தையும் மண்ணையும் அள்ளத்தான் இவர்கள் பிறந்தார்கள் என்று சொன்ன நாட்டில், மண்ணுக்கடியில் வேலை செய்தவர்கள் ஒரு பத்திரிகையையும் ஒரு பதிப்பகத்தையும் தாங்கி நின்றார்கள்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது இதழியல் வரலாறு ஒரு பாடம். 1882இல் 'சுதேசமித்திரன்', 1906இல் பாரதியின் 'இந்தியா' என்று மனப்பாடம் செய்தோம். அடுத்த ஆண்டே வந்த 'தமிழன்' பற்றி வகுப்பில் ஒரு வரி இல்லை. அதற்குள், அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் கட்டிக்காத்த பழைய பிரதிகளைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இலேயே வெளிவந்து விட்டிருந்தது. எங்கள் பாடத்திட்டத்துக்கு மட்டும் அந்தச் சேதி எட்டவில்லை.

'தமிழன்' பக்கங்களைப் பார்க்கிறவர்கள் தலையங்கத்தையும் தத்துவத்தையும் தேடுவார்கள். என் கண் போவது சின்னச் சின்ன ஊர்ச் சேதிகளுக்கு: சங்கக் கூட்டம் நடந்த சேதி, பார்ப்பனப் புரோகிதன் இல்லாமல் பௌத்த முறையில் நடந்த கல்யாணம், சாவுச் சேதி, வாசகர் கேள்வி. அங்கே நம் ஆட்கள் பெயரோடு வருகிறார்கள். ஆங்கிலப் பத்திரிகையில் அவுன்ஸ் மட்டும் இருந்தது, ஆள் இல்லை. 'தமிழ'னில் ஆள் இருந்தான். சாதிப் பெயரை உதறி, 'பூர்வ பௌத்தர்' என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்ட ஆள்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் 1930ஆம் வருஷத்து வேலைநிறுத்தத்தைப் பார்க்க வேண்டும். தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யப் போகிறோம் என்றது நிர்வாகம். ஏறக்குறைய மூன்று வாரம் சுரங்கம் நின்றது. கூலி உயர்வுக்காக மட்டும்தான் ஏழை போராடுவான் என்று நினைக்கிறவர்களுக்கு இது விளங்காது. கைரேகை வைப்பது குற்றவாளியின் அடையாளம். தன் பெயரை அச்சில் பார்த்துவிட்டவன் விரலை மசியில் முக்கச் சம்மதிப்பானா? 'தமிழன்'தான் அந்த வேலைநிறுத்தத்தை நடத்தியது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே மக்களின் ஒரே ரோஷத்திலிருந்து வந்தவை என்கிறேன். 1946 நவம்பரில் போலீஸ் தாக்குதலில் ஆறு தொழிலாளர்கள் மாண்டபோதும் அந்த ரோஷம் அடங்கவில்லை.

அவுன்ஸ் கணக்கு எழுதியவர்கள் எழுதாத கணக்கு இன்னொன்றும் உண்டு. 1940களில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் நுரையீரலில் கல்தூசி படிந்த சிலிகோசிஸ் நோய் இருந்தது. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். பாறை வெடித்துச் சிதறினால் மேலே லைன் வீட்டுச் சுவரும் நடுங்கும். பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுரங்க வாசலுக்கு ஓடுவார்களாம். மொத்தம் எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன் என்று கணக்குச் சொல்கிறார்கள். மொத்தம் போன உயிர் எத்தனை என்று யாரும் பெருமையாக எழுதுவதில்லை.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அப்போது வந்த சேதிகளையும் நான் சேர்த்து வைத்திருக்கிறேன். நஷ்டக் கணக்குத்தான் அவற்றில் முதலிடம். தொடக்கத்தில் லாபக் கணக்கு, முடிவில் நஷ்டக் கணக்கு. நடுவில் 120 வருஷம் வாழ்ந்த சனங்கள் எங்கே? அவர்களின் பேரப்பிள்ளைகள் விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறார்கள். சயனைடு மண் மேடுகள் ஊரைச் சுற்றி அப்படியே நிற்கின்றன. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது.

என் ஏக்கம் துரைமார் காலம் திரும்பாதா என்பதல்ல. நாள் முழுக்கப் பாறையைக் குடைந்துவிட்டு, ராத்திரி விளக்கில் பத்திரிகை படித்துத் தர்க்கம் பண்ணிய அந்தத் தலைமுறையின் மேல்தான். அவர்களுக்குப் பாடத்திட்டமும் இல்லை, நூலகமும் இல்லை. ஒரு பைசா இருந்தது.

தோழர்களே, அந்தத் தாள்கள் எல்லாம் இன்னும் கிடைத்துவிடவில்லை. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும், திருப்பத்தூரிலும் குடியாத்தத்திலும், பெங்களூர் வாடகை வீடுகளின் பரண்மேலும் தகரப் பெட்டிகள் இருக்கின்றன. சங்க நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, 'தமிழன்' கிழிசல் எது இருந்தாலும் பழைய பேப்பர்காரனுக்கு எடை போட்டு விடாதீர்கள். தொட்டால் நொறுங்குகிற தாளானால் முதலில் படம் எடுங்கள். அதில் உள்ள பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அது யார், எந்த லைன், எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம் என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். தங்கத்துக்குக் கணக்கு எழுதியாகிவிட்டது. ஆள் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.