யாழ்பாடி கதையும் சிறுவர்க்குரைக்கும் வரலாறும்

யாழ்ப்பாணத்திற் பிறந்த பிள்ளை, வரலாறு என்னும் சொல்லின் பொருளை அறியுமுன்னரே ஒரு வரலாற்றைக் கேட்டுவிடுகின்றது. கண்பார்வையற்ற பாணன் ஒருவன் யாழ் மீட்டி அரசனை மகிழ்வித்தான். அரசன் வடபாலுள்ள மணற்றிடலைப் பரிசிலாக ஈந்தான். அந்நிலமே யாழ்ப்பாணமாயிற்று என்பது அக்கதை. இளமையிற் கேட்ட இதனை வரலாறு பயில்வோர் எவ்வாறு கொள்ளுதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இக்கதையைப் பரவச் செய்த நூல்களுள் தலையாயது, மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையாகும். இவ்வுரைநடை நூல் 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுந்தது. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றைப் புலவர் தமக்கு ஆதாரமாகக் கொண்டார். இவற்றுட் பின்னைய இரண்டும் நமக்குக் கிடைத்தில. 1879இல் பிறிற்றோ வைபவமாலையை ஆங்கிலத்தில் வெளியிட்டார். முதலியார் இராசநாயகம் 1926இலும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928இலும் வெளியிட்ட நூல்களில் அதன் கூற்றுக்களை ஆய்வுக்குட்படுத்தினர். அறிஞரிடையே விவாதத்துக்குரியதாகிய செய்தி, பிள்ளைகளிடத்து மட்டும் ஐயமற்ற உண்மையாகவே நிலவிற்று.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. 1905இல் ஹென்றியெற்றா மார்ஷல் என்னும் அம்மையார் ஆங்கிலச் சிறுவர்க்கென 'எமது தீவின் கதை' என்னும் நூலை எழுதினார். கடற்றெய்வத்தின் மைந்தனும் துரோய் நகரத்துப் புறூட்டசும் அதன் தொடக்கத்தில் வருகின்றனர். எனினும், தம் நூலைப் பாடநூல்களோடு வையாது றொபின்சன் குறூசோவின் அருகில் வைக்குமாறு அவர் முன்னுரையிலேயே பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டார். கதையைக் கதையென்று கூறும் இந்நேர்மையே நாம் கருதத்தக்கது.

இலங்கையில் இந்நேர்மையின் இன்மை பெருந்தீங்கு விளைத்தது. மகாவம்சம் கூறும் விசயன் வருகை ஒருசாரார்க்கு உரிமைச் சான்றாயிற்று. யாழ்பாடி வருகை மறுசாரார்க்கு மறுப்புச் சான்றாயிற்று. யார் முன்னர் வந்தனர் என்னும் வழக்கிலே கதைகள் சாட்சிக் கூண்டில் நிறுத்தப்பட்டன. சாட்சி சொல்வதற்காகத் தோன்றியவை அல்ல அவை.

அங்ஙனமாயின் யாழ்பாடியைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடலாமோ எனின், அது வேண்டுவதன்று. புறூட்டசும் விசயனும் தாம் வந்த நிலத்தைப் பிறரை வென்று பெற்றவர்கள். யாழ்பாடியோ பாடிப் பெற்றவன். தம் ஊரின் முதல்வனாக ஒரு பாணனை நினைவிற் கொள்ள விரும்பிய மக்களின் மனத்தை இக்கதை காட்டுகின்றது. அதுவும் ஒருவகை வரலாறே. ஆனால் அது கதையைச் சொன்னவர்களின் வரலாறேயன்றி, யாழ்பாடி வாழ்ந்ததாகக் கூறப்படும் காலத்தின் வரலாறன்று.

ஆகவே கதையைக் கூறியபின் சான்றுகளையும் அதன் அருகே வைத்தல் வேண்டும். 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு எழுதிய குறிப்பு உண்டு. 'சேது' எனப் பொறித்த நாணயங்கள் உண்டு. 1619இல் அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் எழுத்துக்கள் உண்டு. இவற்றைக் காட்டி, "இதைச் சொன்னவர் யார்? நிகழ்ந்து எத்தனை காலத்தின் பின் சொன்னார்?" என்று வினவப் பழக்கினால், பத்து வயதுப் பிள்ளையும் வரலாற்று மாணவனாகும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. யாழ்பாடி கதை எரியவில்லை; அது வாய்மொழியில் வாழ்வது. எரிந்தவை கதையைச் சோதித்தற்குரிய சான்றுகள். கதை தானே பிழைத்துக்கொள்ளும். சான்றுகளை நாமே காத்தல் வேண்டும். வீட்டிலுள்ள பழைய ஏட்டையும் உறுதியையும் கடிதத்தையும் பேணுமாறு பிள்ளைகளுக்குக் கற்பித்தல், யாழ்பாடி கதையைக் கூறுவதினும் குறைந்த கடமையன்று.