ஏழு மணி முதல் பதினொரு மணி வரை

ஐஸ் கட்டிக்கும் கோழி முட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், விடுகதை போடுகிறார்கள் என்று நினைப்போம். ஆனால் இன்று பல தேசங்களில் தெரு முனைகளில் விளக்கைப் போட்டுக்கொண்டு இராப்பகலாக விழித்திருக்கும் 'ஸெவன்-இலெவன்' கடைகளின் பூர்வ கதை அந்தச் சம்பந்தத்தில்தான் ஆரம்பமாகிறது.

அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்து நகரம் டல்லாஸ். அங்கே அடிக்கும் வெயில் நம் ஊர் வெயிலுக்கு இளைத்ததல்ல. 1927-ஆம் ஆண்டில் பெரும்பாலான வீடுகளில் மின்சாரக் குளிர்பெட்டி கிடையாது. ஐஸ் கட்டியை வாங்கிப் போய்ப் பெட்டிக்குள் வைத்துத்தான் ஜனங்கள் பாலைக் கெடாமல் காப்பாற்றினார்கள். சவுத்லாண்ட் ஐஸ் கம்பெனியின் விற்பனை நிலையம் ஒன்றை ஜான் ஜெபர்ஸன் கிரீன் என்பவர் கவனித்து வந்தார். கோடையில் அது வாரத்தில் 7 நாளும், தினம் 16 மணி நேரமும் திறந்திருக்கும். மளிகைக் கடைகளோ மாலையானால் கதவைச் சாத்திவிடும். ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம்!

ஐஸ் வாங்க வந்தவர்கள் பாலுக்கும் ரொட்டிக்கும் முட்டைக்கும் திண்டாடுவதைக் கிரீன் பார்த்தார். அவற்றையும் வாங்கி வைத்தார். அவ்வளவுதான் விஷயம். அவர் வைத்தது எங்கும் கிடைக்கும் சரக்குத்தான். மற்றவர்கள் கடையில் கிடைக்காத நேரத்தில் அது அவரிடம் கிடைத்தது. கம்பெனியின் ஜோ தாம்ஸன் இந்த யோசனையைச் சட்டென்று பிடித்துக்கொண்டு மற்ற நிலையங்களுக்கும் பரப்பினார். பிற்பாடு குளிர்பெட்டி வந்து ஐஸ் வியாபாரத்தைக் கரைத்தபோது, முட்டையும் ரொட்டியும் கம்பெனியைத் தாங்கின.

1946-இல் காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை கடை உண்டு என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில், பல்கலைக்கழகம் உள்ள ஆஸ்டின் நகரத்தில், ஒரு கால்பந்துப் பந்தய இரவு மாணவர் கூட்டம் ஓயாததால் கடையை மூடவே முடியவில்லை. லாபம் கண்டவர்கள் பிறகு மூட விரும்பவுமில்லை. கதவு மூடாத கடைக்கு 'ஏழு-பதினொன்று' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கதை அடுத்து ஜப்பானுக்குப் போகிறது. பெரிய அங்காடிகள் வந்தால் சின்னக் கடைகள் அழிந்துவிடும் என்று அங்கே வியாபாரிகள் கூக்குரலிட்ட காலம். இதோ-யொகாடோ ஸ்தாபனத்தில் இருந்த தொஷிபுமி சுஸுகி, சின்னக் கடையும் பிழைக்க வழி உண்டு என்றார். 1974 மே மாதம் தோக்கியோவில் தொயோசு பகுதியில், ஒரு சிறிய மதுக் கடைதான் ஜப்பானின் முதல் ஸெவன்-இலெவனாக மாறியது. கடை அவருடையது, பெயரும் சரக்கு ஏற்பாடும் கம்பெனியுடையவை, லாபத்தில் ஒரு பங்கும் கம்பெனிக்கு. முதலில் மொத்த வியாபாரிகள் பெட்டி பெட்டியாகத்தான் தருவோம் என்றார்கள்; சரக்கு வைக்க இடமில்லாமல் கடை திணறியது. கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி சரக்கு வரும் ஏற்பாடு அந்தத் திணறலிலிருந்து பிறந்தது. நாளடைவில் சோற்று உருண்டை வாங்கவும், மின்சாரக் கட்டணம் கட்டவும், பணம் எடுக்கவும் ஜப்பானியர் அங்கேதான் போனார்கள். 1991-இல், கடனில் மூழ்கிய அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் பெரும்பங்கையே ஜப்பானியர் வாங்கிவிட்டார்கள். குருவின் ஆசிரமத்தைச் சிஷ்யன் விலைக்கு வாங்கிய கதை!

இவ்வளவும் வெற்றிப் புராணம். 2019-இல் இதற்கு ஓர் உத்தர காண்டம் எழுதப்பட்டது. வேலைக்கு ஆள் கிடைக்காமல் தாமே இரவும் பகலும் நின்று களைத்த ஒரு கடைக்காரர், நடுநிசிக்குப் பிறகு சில மணி நேரம் கடையை மூடினார். ஒப்பந்தம் மீறப்பட்டது என்றது கம்பெனி. நாடே இதைப் பற்றிப் பேசியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய ஒப்பந்தம் ரத்தாயிற்று. ஆனாலும் இரவில் மூட விரும்பும் கடைகளுக்குக் கம்பெனி வழிவிட ஆரம்பித்தது.

சின்னக் கடைக்காரரை வாழவைக்க வந்த ஏற்பாடு அவரைத் தூங்க விடாமல் செய்துவிட்டது என்பதை என்னவென்று சொல்வது? நடுநிசியில் ரொட்டி கிடைப்பது சௌகரியந்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சௌகரியத்துக்கு நாம் கொடுக்கும் காசில் ஒரு மனிதருடைய தூக்கத்தின் விலையும் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு தடவையாவது கேட்டுக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.