மறுத்தவரின் பெயர் ஏன் இரண்டாவதாக வருகிறது?

இலங்கைச் சோனகரின் பூர்வீகம் பற்றி எழுதப்பட்ட எந்த ஆய்வை எடுத்தாலும் இரண்டு பெயர்கள் சோடியாக வரும். முதலில் பொன்னம்பலம் இராமநாதன், அடுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். காலவரிசைப்படி அது சரிதான். ஆனால் இராமநாதன் தனியாகவும் வருவார், அஸீஸ் தனியாக வருவது அரிது. இது ஏன் என்று கேட்டால் "இராமநாதன் பெரிய மனிசர்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். விஷயம் அவ்வளவு லேசானதல்ல.

1888இல் இராமநாதன் சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதி. மொழி, பழக்கவழக்கம், உடலமைப்பு ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் சோனகர் இனத்தால் தமிழரே என்று றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் அவர் கட்டுரை வாசித்தார். அடுத்த ஆண்டே அச்சபைக்கு முதலாவது முஸ்லிம் உறுப்பினராக எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால் அது வெறும் ஏட்டு விவாதம் அல்ல என்பது விளங்கும்.

அஸீஸின் மறுப்பு 1907இல் வந்தது. பத்தொன்பது வருட இடைவெளி! அவரும் ஆங்கிலத்தில்தான் எழுதினார். ஆகவே 'தமிழில் எழுதியதால் உலகம் கவனிக்கவில்லை' என்ற வழமையான முறைப்பாடு இங்கே செல்லாது. வேறுபாடு அச்சேறிய இடத்தில் இருக்கிறது. இராமநாதனின் கட்டுரை 1845 முதல் இயங்கிவந்த ஒரு சங்கத்தின் சஞ்சிகையில், பத்தாம் தொகுதியில் இருக்கிறது. தொகுதி எண், பக்க எண், நூலகத்தில் பைண்டு பண்ணிய வரிசை எல்லாம் அதற்கு உண்டு. தேடுகிறவன் கை வைத்தால் கிடைக்கும். அஸீஸின் எழுத்தோ சோனகர் சங்கம் வெளியிட்ட தனி நூல். கையில் வைத்திருந்தவர் வீட்டு அலுமாரியோடு அதன் கதை முடிந்துபோகக்கூடிய சாமான். 1957இல் சோனக இஸ்லாமிய கலாசார நிலையம் அதை மறுபதிப்புச் செய்தது. பின்வந்த ஆய்வுகளின் உசாத்துணைப் பட்டியல்களில் அஸீஸின் பெயருக்குப் பக்கத்தில் 1957 என்ற ஆண்டையும் காண்கிறோமே, அந்த மறுபதிப்பு செய்த வேலை அது. நூலின் வாதம் ஐம்பது வருடத்தில் பலப்பட்டுவிடவில்லை. பிரதி கிடைத்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. அஸீஸின் நூல் தலைப்பிலேயே இராமநாதனின் பெயரும் அவர் கட்டுரையின் பெயரும் இருக்கின்றன. அஸீஸை மேற்கோள் காட்டும் ஒவ்வொருவரும் இராமநாதனையும் காட்டியே ஆகவேண்டும். மறுப்பு என்பது மறுக்கப்பட்டதற்கே ஒரு எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது. மேற்கோள் கணக்கு 'ஏற்றுக்கொண்டார்', 'எதிர்த்தார்' என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அதிகம் மேற்கோள் காட்டப்பட்டதால் ஒரு கட்டுரை சரியானது என்று வாதிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பேர் பெற்றவருக்கே மேலும் பேர் சேரும் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபர்ட் மேர்ட்டன் 1968இல் விளக்கி, பைபிளின் ஒரு வசனத்தை நினைவூட்டி 'மத்தேயு விளைவு' என்று அதற்குப் பெயரிட்டார். இதைவிட எனக்குச் சுவாரசியமாகப்பட்டது 2003இல் சிம்கின், ரோய்சௌத்ரி என்ற இருவர் செய்த கணக்கு. உசாத்துணைகளில் ஒரே அச்சுப்பிழை திரும்பத் திரும்ப வருவதைப் பின்தொடர்ந்து, மேற்கோள் காட்டுவோரில் ஏறத்தாழ 20 வீதத்தினரே மூலத்தை வாசித்திருப்பர் என மதிப்பிட்டார்கள். மற்றவர்கள் முன்னவரின் பட்டியலைப் பார்த்து எழுதியவர்கள். எங்கட ஆய்வுகளில் இந்த வீதம் என்னவென்று எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்தால் சிலருக்குச் சங்கடமாயிருக்கும்.

மேற்கோளை எண்ணும் வேலையைப் பெரிய அளவில் தொடக்கிவைத்தவர் யூஜின் கார்பீல்ட். அவரது விஞ்ஞான மேற்கோள் சுட்டி 1964இல் வெளிவந்தது. தெரிவு செய்யப்பட்ட சஞ்சிகைகளின் அடிக்குறிப்புகளையே அது எண்ணியது. பின்னர் சமூக விஞ்ஞானங்களுக்கும் அதேபோன்ற சுட்டி வந்தது. தமிழ்ச் சஞ்சிகைகள் அந்த வட்டத்துக்குள் இல்லை என்றே சொல்லலாம். அஸீஸைப் பற்றித் தமிழில் நாம் நூறு கட்டுரை எழுதினாலும் அந்தக் கணக்கில் அவருக்குச் சேர்வது பூச்சியம். ஆங்கிலச் சஞ்சிகையில் ஒருவர் இராமநாதனை ஒரு வரியில் கண்டித்துவிட்டுப் போனால், இராமநாதனுக்கு ஒன்று கூடும்.